தள்ளுபடியில் வாங்கிய மலையேற்ற ஷூ: அகஸ்தியர்கூடத்தில் மூன்று சீசன்

2022 நவம்பரில் நாகர்கோவிலில் வாங்கியது. பெட்டியில் 5,999 ரூபாய் போட்டிருந்தது, நான் கொடுத்தது 2,700. கணுக்கால் வரை ஏறும் மாடல், ஜோடி ஏறக்குறைய 1.2 கிலோ. பெண்களுக்கான அளவில் மலையேற்ற ஷூ கேட்டால் கடைப் பையன் ஏதோ விமானத்துக்கு உதிரிபாகம் கேட்டதுபோலப் பார்த்தான். "லேடீஸ்ல இது வராது மேடம். ஜென்ட்ஸ் ஆறு போட்டுப் பாருங்க, சரியா இருக்கும்." போட்டுப் பார்த்தேன். விரல்களுக்கு இடம் தாராளம், குதிகால் மட்டும் லேசாக ஏறி இறங்கியது. தடித்த சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்றான். பாதிக்குப் பாதிக்கும் மேல் தள்ளுபடி என்பதால் நானும் நம்பினேன். ஏன் இவ்வளவு தள்ளுபடி என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்கான பதில் கடைசியில் வருகிறது.

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். களியக்காவிளை தாண்டினால் கேரளம். எங்கள் பெரியப்பா எண்பதுகளில் வெறுங்காலில் அகஸ்தியர்கூடம் மலைக்குப் போய்வந்தவர். வந்து உட்கார்ந்து அவர் கதை சொல்லும்போதெல்லாம் "நானும் வரட்டா?" என்று கேட்பேன். "பொம்பளப் பிள்ளைய அங்க விடமாட்டாங்க மக்களே" என்பார். அது உண்மைதான். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் பெண்களுக்கு வழி திறந்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் முதல் ஆளாக ஏறினார். செய்தியைப் பார்த்தபோது எனக்கு வயது நாற்பத்தொன்று, முட்டியில் லேசாக வலி வேறு. முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் இடமெல்லாம் தீர்ந்துவிடும் என்பதால் எனக்கு வாய்த்தது 2023 பிப்ரவரியில்தான். இந்த ஷூ அதற்காக வாங்கியது.

வீட்டில் போட்டுப் பழகியது போதாது என்று மூன்று மாதம் பக்கத்து மலைகளில் ஏறி இறங்கினேன். பத்துகாணி காளிமலை, வெள்ளறடை குரிசுமலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துவாழ்மலை. காளிமலையில் சரளைக்கல் இறக்கத்தில் ஷூ தரையை நன்றாகக் கடித்துப் பிடித்தது. மருந்துவாழ்மலையில் பத்து மணி வெயிலில் பாறை தோசைக்கல் மாதிரி இருந்தும் காலுக்குச் சூடு ஏறவில்லை. இதுவரை முழு மதிப்பெண். கூடவே வந்த கயிறுதான் மோசம், உருண்டைக் கயிறு அரை மணிக்கு ஒருமுறை அவிழ்ந்துகொண்டே இருந்தது. நாற்பது ரூபாய்க்குத் தட்டை லேஸ் வாங்கிப் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அகஸ்தியர்கூடம் 1,868 மீட்டர்தான். ஆனைமுடிக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டி. ஆனால் உயரத்தை வைத்து இந்த மலையைக் கணக்குப் போடக்கூடாது. போணக்காட்டிலிருந்து முதல் நாள் அதிருமலை முகாம் வரை 14 கிலோமீட்டருக்கு மேல் நடை. லாத்திமோட்டை, கரமனையாறு, வாழப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஒவ்வொரு ஓடையாகத் தாண்டிப் போகவேண்டும். காட்டுக்குள் வேர்கள் பாதையெங்கும் நரம்பு மாதிரி புடைத்துக் கிடக்கும். அதன் மேல் ஈரமான சருகு. பிறகு திடீரென்று புல்வெளி, தலைக்கு மேல் வெயில். அதற்குப் பிறகு ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று இரண்டு செங்குத்து ஏற்றங்கள். இரண்டாவதன் பெயரில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. அடுத்த அடி எடுத்து வைத்தால் முட்டி உங்கள் தாடையை இடிக்கும்.

ஏறும்போது ஷூ அருமை. அடிப்பகுதிப் பற்கள் ஆழம், ஒன்றுக்கொன்று இடைவெளியும் அகலம், அதனால் சேறு அப்பாமல் உதிர்ந்துவிட்டது. இறங்கும்போதுதான் குதிகால் கதை வெளியே வந்தது. ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னால் சறுக்கி, பெருவிரல் ஷூவின் மூக்கில் போய் இடித்தது. பதினான்கு கிலோமீட்டர் இடித்தால் என்ன ஆகும்? வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் இரண்டு பெருவிரல் நகமும் நாவல்பழ நிறம். இடது நகம் மே மாதம் விழுந்தது. குற்றம் ஷூவில் பாதி, என்னில் பாதி. மேலே கடைசி இரண்டு துளைகளில் லேஸை வளையம் போட்டு, எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னாலேயே உட்கார்ந்துவிடும். 2024-ல் அப்படிக் கட்டிக்கொண்டு போனேன், நகம் தப்பித்தது. ஆண்கள் ஷூ வாங்கும் பெண்களுக்கு இதை முதலில் சொல்லவேண்டும், ஆனால் எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

அட்டைக்கும் ஷூவுக்கும் உள்ள உறவைத் தனியாகச் சொல்லியாகவேண்டும். இந்த மாடலில் நாக்குப் பகுதியை இருபக்கமும் துணி வைத்து உடம்போடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தண்ணீர் புகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, எனக்கு உதவியது அட்டை விஷயத்தில்தான். கூட வந்த இன்னொரு டீச்சரின் ஓட்டப்பந்தய ஷூவில் லேஸ் துளை வழியாகவே ஊர்ந்து நுழைந்தன. அட்டை கடிப்பது வலிக்காது, சாக்ஸ் நனைந்த பிறகுதான் தெரியும். எடுத்துப் போட்ட பிறகும் ரத்தம் நிற்காமல் கசியும், உறையவிடாத சரக்கு அதன் எச்சிலில் இருக்கிறது. எனக்கு மூன்று சீசனிலும் ஷூவுக்குள் ஒன்றுகூட இல்லை. மேலே ஏறியவற்றை உப்புக்கிழி பார்த்துக்கொண்டது. கம்பு நுனியில் துணியில் உப்பைக் கட்டி, தண்ணீரில் நனைத்து ஒரு ஒற்று, அவ்வளவுதான்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று பெட்டியில் எழுதியிருந்ததை மட்டும் நம்பவேண்டாம். பனிப்புல்லில் நடக்கையில் உள்ளே நனையவில்லை, நிஜம். ஆனால் ஓடையில் கணுக்காலுக்கு மேல் கால் இறங்கிய அந்த நிமிடம் தண்ணீர் மேல்வழியாக உள்ளே போய்விட்டது. உள்ளே விடாத துணி வெளியேயும் விடாது. மீதி நாள் முழுக்க இரண்டு சின்ன வாளிக்குள் காலை விட்டு நடந்த மாதிரி. அதிருமலையில் ராத்திரி கஞ்சி குடித்துவிட்டு, பையிலிருந்த பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தேன். காலையில் பாதிதான் காய்ந்திருந்தது.

இரண்டாம் நாள் உச்சி. ஈத்தல் மூங்கில் காட்டைக் கடந்து பொங்கலப்பாறைக்கு வந்தால் மரங்களெல்லாம் காற்றுக்குப் பயந்து குள்ளமாகிவிடும். அதற்கு மேலே மொட்டைப் பாறை, கயிறு கட்டியிருப்பார்கள். முதல் வருஷம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஷூவோடு கால் வைத்தேன். பாறையில் பனி கசிந்து மெல்லிய பாசி. வலது கால் வழுக்கி முட்டி பாறையில் மோதியது. வழிகாட்டியாக வந்த காணி இனத்துத் தம்பி மேலே நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"அக்கா, ஷூவக் களட்டுங்க. பாறைக்குக் காலுதான் நல்லது."

கழற்றி, லேஸைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பாறை ஐஸ் மாதிரி. ஆனால் கால் பிடித்தது. விரல்கள் தானாக மடங்கி ஒவ்வொரு பொருக்கையும் தேடிப் பிடித்தன. பெரியப்பா வெறுங்காலில் ஏறியது பக்தி என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அதில் பாதி தொழில்நுட்பம். ஆழப் பற்கள் வைத்த ரப்பர் அடியை 1937-ல் கொண்டுவந்தவர் இத்தாலிக்காரர் விட்டாலே பிரமானி. 1935-ல் ஆல்ப்ஸில் அவரோடு போன ஆறு பேர் செத்த பிறகு அவர் மண்டையைக் குடைந்து செய்தது அது. சேறு, சரளை, பனி ஆகியவற்றுக்கு அந்தப் பற்கள் வரம். வழவழப்பான பாறையில் எவ்வளவு ரப்பர் தொடுகிறதோ அவ்வளவுதான் பிடி, பற்களின் நுனி மட்டும் தொட்டால் கொஞ்சம்தான் கிடைக்கும். என் ஷூவின் ரப்பர் கெட்டி வேறு. கெட்டி ரப்பர் தேயாது, ஈரப்பாறையில் பிடிக்கவும் பிடிக்காது. அடுத்த இரண்டு வருஷமும் கயிற்றுப் பாறை வந்ததும் நானே கழற்றிவிட்டேன்.

2024-ல் சொல்லும்படி ஒன்றும் இல்லை. நன்றாகப் போய் நன்றாக வந்தேன்.

2025 பிப்ரவரி. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, தூசு தட்டி, பார்த்தால் புதுசு மாதிரியே இருந்தது. எல்லா நடையையும் கூட்டினாலும் 200 கிலோமீட்டர் சொச்சம்தான் இருக்கும், பற்கள் தேயவே இல்லை. போணக்காட்டில் சோதனை முடிந்து நடக்க ஆரம்பித்தோம். கரமனையாறு தாண்டியதும் வலது காலில் டப் டப் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முன்பக்கம் வாயைத் திறந்திருக்கிறது. ஏதோ பசை விட்டுவிட்டது என்று நினைத்து விரலை விட்டுப் பார்த்தேன். பசை இருக்கிறது. பசைக்கும் அடியில், ரப்பருக்கும் மேல்துணிக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு பகுதி உண்டே, அது காணாமல் போய்க்கொண்டிருந்தது. தொட்டால் புட்டு மாவு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு மணி நேரத்தில் இடது ஷூவும் அதே கதை. இரட்டைப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து காய்ச்சல் வருவது போல.

துவர்த்துத் துண்டை இரண்டாகக் கிழித்து, ஒவ்வொரு ஷூவையும் நடுவில் சுற்றிக் கட்டினேன். அட்டையாறு வருவதற்குள் வலது அடி மொத்தமாகக் கழன்று கையோடு வந்தது. கையில் ரப்பர் அடியையும் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து அதே காணித் தம்பி சிரிப்பை அடக்கமுடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு தன் பையிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்துக் கொடுத்தான். மலைக்காகவே செய்த 5,999 ரூபாய் ஷூ போய், முட்டிடிச்சான் தேரியை ரப்பர் செருப்பில் ஏறினேன். ஏறவும் முடிந்தது, வேகம்தான் பாதி.

இங்கேதான் தள்ளுபடிக்கான பதில். நடுமெத்தை பாலியூரித்தேன் என்ற நுரை. காற்றிலிருக்கிற ஈரம் இந்தப் பொருளின் உள்ளே போய் அதன் கட்டுமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நடக்கும். சொல்லப்போனால் பெட்டிக்குள் பூட்டி வைத்தால்தான் சீக்கிரம் போகும், போட்டு நடந்தால் உள்ளே தங்கிய ஈரம் கொஞ்சமாவது வெளியேறும். நானோ தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் வாங்குகிற ஊரில், பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அதைப் பெட்டியில் வைத்து, பெட்டியை ஓட்டுக்குக் கீழே பரணில் வைத்தேன். இதைவிடக் கச்சிதமாக ஒரு ஷூவைக் கொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் தயாரித்த மாதம்: 2018 மார்ச். நான் வாங்கும்போதே நாலரை வயசு. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார், நான் லாபம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மார்த்தாண்டத்தில் செருப்பு தைக்கிற அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். "டீச்சரே, இத ஒட்ட முடியாது. ஒட்டுறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல, எல்லாம் மாவாப் போச்சு. மேல் பாகம் கல்லு மாதிரி இருக்கு, அத வேஸ்ட் பண்ணாண்டாம்." நடுவில் இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் ஷீட் வைத்து, புது அடி போட்டு, சுற்றிலும் மெழுகு நூலால் தைத்துக் கொடுத்தார். 650 ரூபாய். இப்போது ஜோடி ஒன்றரை கிலோ தேறும், மெத்தென்ற சுகம் போய்விட்டது. காளிமலைக்கு இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், தையல் அசையவில்லை.

ஆனாலும் 14 கிலோமீட்டர் காட்டுக்கு அதை நம்பிப் போகும் தைரியம் இல்லை, புதுசு வாங்கிவிட்டேன். இந்த முறை கடையில் முதலில் பெட்டியைத் திருப்பித் தேதி பார்த்தேன், பிறகு மெத்தைப் பகுதியில் நகத்தால் அழுத்தி, ஷூவை இரண்டாக மடக்கி, விரிசல் தெரிகிறதா என்று பார்த்தேன். நடுமெத்தை ஈவிஏ என்ற வேறு வகை நுரைதான் என்று உறுதி செய்துகொண்டேன். அது நாளாவட்டத்தில் அமுங்கும், ஆனால் இப்படி மாவாகாது. கடைப் பெண் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினாள். பரவாயில்லை. பரணில் வைக்கவில்லை, வாசலில் கிடக்கிறது, வாரம் இருமுறை அதைப் போட்டுக்கொண்டுதான் சந்தைக்குப் போகிறேன்.

பழைய ஷூ வீட்டுக்காரரிடம். அவருக்கும் ஆறுதான் அளவு. விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போகும்போது போட்டுக்கொள்கிறார். தோட்டத்தில் இறக்கம் வந்தால் விரல் இடிக்கிறதாம், குதிகாலைப் பூட்டி லேஸ் கட்டுவதை நேற்றுத்தான் சொல்லிக் கொடுத்தேன்.