மலைச்சரிவில் புது வீடு: ஃபைபரா, ஏர்ஃபைபரா? உள்ளே ஒயரா, மெஷ்ஷா?

அக்காவின் புது வீடு கோத்தகிரியிலிருந்து அரவேணுவுக்கு இறங்கும் வழியில், சாலைக்குக் கீழே சரிவில் நிற்கிறது. சாலை மட்டத்தில் ஹாலும் சமையலறையும். படியிறங்கினால் இரண்டு அறைகள், அவற்றின் பின்பக்கம் முழுக்கத் தடுப்புச் சுவர். மாமாவுக்கு வேலையே வீட்டிலிருந்துதான். பூச்சு வேலை தொடங்கும் முன், "நெட்டுக்கு எதைப் போடலாம், நீயே பார்த்துச் சொல்லு" என்றாள் அக்கா. இரண்டு வாரம் விசாரித்துப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன். மலையில் வீடு கட்டுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் வெளியே இருந்து வரும் இணைப்பு. கேபிளில் வருவது ஃபைபர், மொபைல் டவரிலிருந்து காற்றில் வருவது ஏர்ஃபைபர். இரண்டிலும் 100 எம்பிபிஎஸ் பிளான் கிடைக்கிறது. ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். அதனால் வேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அக்டோபர், நவம்பரில் என்ன ஆகும் என்று கேளுங்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக அடிக்கும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் மண் சரிந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஃபைபருக்கு எதிரி மரம். சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து விழுந்தால் போதும், கம்பத்திலிருந்து வரும் கேபிள் அறுந்து, வீட்டுப் பெட்டியில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். லைட் சிவப்பாக எரியும். குரங்குகள் தொங்கி ஆடுவதும் உண்டு. ஆனால் மலைக்கு ஏற்ற ஒரு குணம் இதற்கு இருக்கிறது. கேபிள்காரர் தன் பக்கத்தில் வைத்திருக்கும் ஓ.எல்.டி. என்ற தலைமைக் கருவிக்கும் உங்கள் வீட்டுப் பெட்டிக்கும் நடுவே, ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர்களுக்கு மின்சாரமே வேண்டாம். ஊரெல்லாம் கரண்ட் போனாலும், இரண்டு முனையிலும் பேட்டரி இருந்தால் நெட் ஓடும். ஆகவே இணைப்பு வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஓ.எல்.டி. எங்கே வைத்திருக்கிறீர்கள், பேக்கப் எத்தனை மணி நேரம்?" அப்புறம், அறுந்தால் ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷின் கோத்தகிரியிலேயே இருக்கிறதா, கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டுமா என்பது. மலைப்பாதை அடைபட்ட நாளில் இந்த வித்தியாசம் புரியும். இணைப்புக் கொடுக்கும் அன்றே வீட்டுக்கு வரும் ஒளியின் பலத்தைப் பவர் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிபிஎம் பக்கம் இருந்தால் நல்லது. ஒளி பலவீனமாகி மைனஸ் 27ஐத் தொட்டால், மழைக்காலத்தில் ஒரு ஜாயின்ட் கொஞ்சம் கெட்டாலும் லைன் போய்விடும்.

ஏர்ஃபைபரில் அறுவதற்குக் கேபிள் இல்லை. ஜியோவும் ஏர்டெல்லும் 2023இல் இதைக் கொண்டுவந்தன. மொட்டை மாடியில் ஒரு பெட்டி, அது டவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஃபைபர் எட்டாத எஸ்டேட் வீடுகளுக்கு இது பெரிய வரம். மலையில் டவர் பக்கத்தில் இருப்பதைவிடக் கண்ணுக்குத் தெரிவது முக்கியம்: முகட்டுக்குப் பின்னால் அரை கிலோமீட்டரில் இருக்கும் டவரைவிட, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் நேராகத் தெரியும் டவர் நன்றாக வேலை செய்யும். இந்த அலைவரிசைகளை மழைத்துளி பெரிதாகப் பாதிக்காது. நடுவில் நிற்கும் மரங்களின் நனைந்த இலைகள் பாதிக்கும். டவருக்குக் கரண்ட் போய், பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டரும் ஓடாவிட்டால் கதை முடிந்தது. வீட்டில் யுபிஎஸ் இருந்தும் பயனில்லை. அப்லோடும் ஃபைபர் அளவுக்கு வராது, வீடியோ மீட்டிங்கில் இருப்பவருக்கு அது உறைக்கும்.

என் தேர்வு ஃபைபர். வீட்டுக்கு ஃபைபர் வராது என்று உறுதியானால் மட்டும் ஏர்ஃபைபர். ஆனாலும் மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு ஒரு வெற்றுப் பைப் இறக்கி வைக்கச் சொன்னேன். ஆபரேட்டர் மாறலாம், சுவர் மாறாது.

வீட்டுக்குள் வந்தால், சுவருக்குள் ஒயர் இழுப்பதா, அறைக்கு அறை வைஃபை பெட்டி வைத்து அவற்றை ஒயரில்லாமல் இணைக்கும் மெஷ்ஷா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை: ஒயர். "இப்பதான் மெஷ் வந்திருச்சே அண்ணா, எதுக்குச் சுவரை வெட்டணும்?" என்றார் எலக்ட்ரீஷியன் தம்பி. பிளாட்டில் அது சரி. இந்த வீட்டில் ரூட்டருக்கும் கீழறைக்கும் நடுவே கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை அதைத் தாண்டும்போதே பாதி உயிர் போய்விடும், 2.4 தாண்டும், ஆனால் வேகம் இராது. சாதாரண மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும் உங்கள் போனோடு பேசுவதும் ஒரே அலையில்தான், அதனால் கீழே போகப் போக வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் கேட்6 என்ற நெட்வொர்க் கேபிளால் இணைத்துவிட்டு இரு முனையிலும் அதே மெஷ் பெட்டிகளை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பைப் 25 மி.மீ. இருக்கட்டும், கரண்ட் ஒயர் அதில் வேண்டாம், பின்னால் கேபிள் இழுக்க உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள். கேபிளை வாங்கும்போது முழுச் செம்பா என்று பாருங்கள். முன்பு குன்னூரில் நான் இருந்த வீட்டில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளைப் போட்டுவிட்டார்கள். முனையில் ஒரு ஜோடிக் கம்பி முறிந்து, 1,000 எம்பிபிஎஸ் வர வேண்டிய இடத்தில் 100தான் வந்தது. காரணம் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. இன்னொன்று: கேட்டுக்கோ தனியாக நிற்கும் ஷெட்டுக்கோ செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். இடி இறங்கினால் அதன் வழியே மின்னேற்றம் வீட்டுக்குள் வரும். அங்கே உலோகக் கம்பி சேராத ஃபைபரைப் போட்டு, இருபுறமும் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் போதும்.

போன வாரம் கீழறைகளுக்கு இரண்டிரண்டு கேட்6 இழுத்து, ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கியாயிற்று. மொட்டை மாடிப் பைப்பின் வாயைத் தண்ணீர் இறங்காதபடி கீழ்நோக்கி வளைத்து மூடியிருக்கிறோம். இந்த வாரம் பூச்சு வேலை தொடங்குகிறது.