அப்பாவின் கேசட்டை நம்பிக் கொடுத்த இடம்

ஊர் வரலாற்றைத் தேடித் தொகுக்கும் ஒரு குழுவில் ஒன்றரை வருடமாக இருக்கிறேன். இப்படி ஒரு குழுவில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகச் சேரலாம்.

நான் போனது ஒரு கேசட்டோடு. அப்பா பேசியதை அண்ணன் பல வருடங்களுக்கு முன் பதிவு செய்தது. அப்பா இப்போது இல்லை. நாடா சிக்கி அறுந்தால் வேறு பிரதி கிடையாது என்பதால் போட்டுக் கேட்கவே பயம். ஒலிப்பதிவைக் கவனிக்கும் அக்கா அதை வாங்கியதும், பின் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை முதலில் உடைத்தார். இனி அதன்மேல் தவறியும் வேறெதுவும் பதிவாகாது. அப்புறம் நாடாவை முழுவதும் முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் கணினிக்கு மாற்றினார். யார் கேட்கலாம், எதை வெளியிடக் கூடாது என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். சொத்துத் தகராறு பற்றிய பகுதியை மூடிவைக்கச் சொன்னேன். இன்றுவரை அது வெளியே வரவில்லை.

ஆற்றுப் பாலம் பெருவெள்ளம் வந்த வருடம் கட்டியது என்று அப்பா அதில் சொல்கிறார். குழுவினர் வெள்ளத்துக்கு முந்தைய நில அளவை வரைபடம் ஒன்றை விரித்தார்கள். அதிலேயே பாலம் இருந்தது. எனக்கு முகம் வாடிப்போனது. அப்போதுதான் அக்கா இத்தாலியின் தெர்னி நகரத்துக் கதையைச் சொன்னார். 1949-ல் நேட்டோவை எதிர்த்த போராட்டத்தில் லூயிஜி திராஸ்துல்லி என்ற இளம் எஃகு ஆலைத் தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டார். பிற்பாடு பலரும் அது 1953-ல், ஆட்குறைப்பை எதிர்த்துப் போராடியபோது நடந்ததாகவே சொன்னார்கள். வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெசாந்த்ரோ போர்தெல்லி அந்தப் பிழையை ஒதுக்கவில்லை. எந்தக் காயம் மக்கள் மனதில் ஆழமாக இருந்தது என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொண்டார்.

"அப்பா ஏன் அப்படி நினைச்சார்னு தேடுவோம்" என்றார் அக்கா. அடுத்த மாதம் பெரியவர் ஒருவர் சொன்னார்: "வெள்ளத்துல பாலத்தோட ஒரு கண் இடிஞ்சு போச்சு. திரும்பக் கட்டும்போது பசங்க நாங்கதான் கல்லு சுமந்தோம்." அப்பாவுக்கு அப்போது பத்து வயது. வரைபடம், அப்பா சொன்னது, பெரியவர் சொன்னது மூன்றும் தொகுப்பில் அருகருகே இருக்கின்றன. எதையும் எதற்காகவும் திருத்தவில்லை. இந்த ஒன்றுக்காகவே இவர்களை நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. இரண்டு மணி நேரப் பதிவில் எது எங்கே வருகிறது என்று ஒரு குறிப்பும் இருக்காது; தேடுகிறவர் முழுதும் கேட்டாக வேண்டும். ஆள் போதவில்லை என்கிறார்கள், அது உண்மைதான். இதைவிடப் பெரிய குறை, எந்த வீட்டுக்குப் போனாலும் தாத்தாவிடம்தான் மைக்கை நீட்டுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் தேதி சரிபார்ப்பதோடு சரி. கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன்.

அப்பாவின் பதிவுக்கு இப்போது நானே குறிப்பு எழுதுகிறேன். 22-வது நிமிடத்தில் பாலம். 31-வது நிமிடத்தில் உள்ளேயிருந்து அம்மா ஏதோ திருத்துகிறார். "நீயே வந்து சொல்லேன்" என்கிறார் அப்பா. அம்மா வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை குழு எங்கள் வீட்டுக்கு வருகிறது, அம்மாவிடம் கேட்க.