அப்டேட்டுக்குப் பின் எட்டு மாதம்: என் போனின் வைஃபையும் புளூடூத்தும்

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி போனைச் சார்ஜில் போட்டு, அப்டேட்டுக்கும் சரி கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஐகான்கள் அழகாகியிருந்தன, கொஞ்சம் வேகமும் கூடியிருந்தது. மறுநாள்தான் தொல்லை ஆரம்பித்தது. வைஃபை சின்னம் மேலே நிற்கும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. ஒரு நிமிடம் போனால் தானாகச் சரியாகிவிடும். புளூடூத் இயர்போனில் பாட்டு நடுநடுவே விக்கும். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் உழைத்த போன் அது.

முதல் வாரம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். போனை அணைத்துப் போட்டேன், ஏரோபிளேன் மோடை ஏற்றி இறக்கினேன். பிறகு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டு போயிருக்கும், மாற்றிவிடலாம்" என்றார்கள். தொல்லை எப்போது ஆரம்பித்தது என்றோ, வேறு வைஃபையில் போட்டுப் பார்த்தீர்களா என்றோ ஒரு கேள்வி இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. போனை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்று தலையாட்டியிருந்தால் நல்ல போர்டு ஒன்று குப்பைக்குப் போயிருக்கும்.

அன்று மாலை தங்கையின் போனில் ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி, என் போனை அதில் இணைத்து மூன்று மணி நேரம் வீடியோ ஓட விட்டேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை. இதே தொல்லை இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனைதான் என்பேன். எந்த நெட்வொர்க்கில் போட்டாலும் அறுந்தால் ஆன்டெனாவையோ சிப்பையோ சந்தேகிக்கலாம். ஒரே ஒரு வைஃபையில் மட்டும் அறுந்தால், அந்த ரௌட்டருக்கும் போனுக்கும் நடுவில் ஏதோ ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

அடுத்து நெட்வொர்க் ரீசெட் செய்தேன். படங்கள், செய்திகள் எதுவும் அழியாது. சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் ஜோடிகளும் மட்டும் போய்விடும். இது பல பேருக்குக் கைகொடுக்கிறது. எனக்கோ நிலைமை இன்னும் மோசமானது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் வீட்டு வைஃபை போனை உள்ளேயே விடவில்லை!

காரணத்தைப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு வயர்லெஸ் கருவிக்கும் மேக் முகவரி என்று ஒன்று உண்டு, நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும், எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடு. அதே முகவரியோடு போகுமிடமெல்லாம் இணைந்தால் ஆளைப் பின்தொடர்வது எளிது. அதனால் 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இலிருந்தும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும், போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாக ஒரு முகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் ரௌட்டரில், பட்டியலில் உள்ள முகவரிகளை மட்டும் உள்ளே விடும் அனுமதிப் பட்டியல் ஒன்று போட்டிருந்தேன், அதில் இருந்தது போனின் அசல் முகவரி. ரொம்ப நாளாகச் சேமித்திருந்த இணைப்பு அந்த அசல் முகவரியைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறது. ரீசெட்டுக்குப் பின் போன் புது முகவரியோடு வந்து நின்றதும், ரௌட்டருக்கு அது யாரோ அந்நியர். முகவரியில் இரண்டாவதாக வரும் எண் அல்லது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது உருவாக்கப்பட்ட முகவரி என்று தெரிந்துகொள்ளலாம். என் போன் காட்டியதில் 6 இருந்தது.

போன் செட்டிங்ஸில் அந்த வைஃபைக்கு மட்டும் அசல் முகவரியைத் தேர்ந்தெடுத்தாலே போதும். நான் அனுமதிப் பட்டியலையே எடுத்துவிட்டேன். மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமல்தான் போகிறது, அதை நகலெடுப்பது சுலபம். அதை நம்புவதைவிட நீளமான பாஸ்வேர்டு எவ்வளவோ மேல்.

சரி, போன் உள்ளே வந்துவிட்டது. ஆனால் அறுபடுவது நிற்கவில்லை. பத்து நாள் நேரத்தைக் குறித்து வைத்தேன்: ஒரு நாள் மூன்று முறை, அடுத்த நாள் ஒன்றுமில்லை, அதற்கடுத்த நாள் இரண்டு. ஒழுங்கே இல்லை. அப்புறம் நடப்பதையெல்லாம் ரௌட்டர் நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் குறித்த நேரங்களில் பெரும்பாலானவற்றுக்கு எதிரே, ரேடார் கண்டறியப்பட்டதால் சேனல் மாற்றப்பட்டது என்று இருந்தது.

வைஃபை பயன்படுத்தும் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, சேனல்கள் என்ற எண்ணிட்ட துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அதன் ஒரு பகுதியை வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்துகின்றன. பெரும்பாலான நாடுகளில் 52ஆம் சேனலிலிருந்து 144 வரை இந்த விதி உண்டு: ரேடார் சிக்னல் போல ஏதாவது கேட்டால் ரௌட்டர் அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும். இப்படிப்பட்ட சேனல் ஒன்றில் புதிதாக நுழைவதற்கு முன்பும் குறைந்தது 60 விநாடி சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என் ரௌட்டர் தானாகத் தேர்ந்து உட்கார்ந்திருந்தது 100ஆம் சேனலில். அது இடம் மாறும்போது இணைந்திருக்கும் கருவிகளுக்கு அறிவித்துவிட்டுத்தான் மாறும். லேப்டாப்பும் டிவியும் கூடவே போய்விட்டன. என் போனும் அப்டேட்டுக்கு முன்பு போயிருக்க வேண்டும், அப்போது இந்தத் தடங்கல் கண்ணிலேயே படவில்லை. அப்டேட்டோடு வந்த புது வைஃபை டிரைவர், அதாவது வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருள், அந்த அறிவிப்பைத் தவறவிட்டுப் பழைய சேனலிலேயே நின்றது என்பது என் கணிப்பு. ரௌட்டரை 36ஆம் சேனலில் நிலையாக வைத்தேன். 36 முதல் 48 வரை இந்த ரேடார் விதி கிடையாது. அன்றிலிருந்து அந்த ஒரு நிமிட மௌனம் வரவே இல்லை.

நடுவில் ஒன்று. என் தோழியின் போனிலும் இதே மாதிரி, இணைப்பு உண்டு ஆனால் இன்டர்நெட் இல்லை என்று வந்துகொண்டிருந்தது. அங்கே காரணமே வேறு. தளப் பெயர்களுக்கான இணைய முகவரியைத் தேடும் கேள்விகளை மறைத்து அனுப்பும் பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருந்தார், அது பயன்படுத்தும் 853 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, அவர் அலுவலக வைஃபை அடைத்து வைத்திருந்தது. அதைத் தானியங்கிக்கு மாற்றியதும் சரியானது. வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றாக இருந்தாலும் உள்ளே காரணம் இவ்வளவு வேறுபடலாம்.

புளூடூத்துக்கு வருகிறேன். புளூடூத்தும் வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸும் ஒரே இடத்தைப் பங்கு போடுபவை. சாதாரண புளூடூத் அந்த இடத்தை 79 சேனல்களாகப் பிரித்து, விநாடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசும். வைஃபை நெருக்கும் சேனல்களைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியும். போனுக்குள் பெரும்பாலும் இரண்டும் ஒரே சிப்பில் இருப்பதால், யார் எப்போது பேசுவது என்று முறை வைப்பது மென்பொருளின் வேலை. வைஃபையை அணைத்து, போனிலேயே இருந்த பாட்டைப் போட்டேன், விக்கல் இல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸில் இணைத்தேன், அப்போதும் இல்லை. 2.4க்குப் போனதும் திரும்ப வந்தது. ஆக, அந்த முறை வைக்கும் இடத்தில்தான் அப்டேட் எதையோ கெடுத்திருக்கிறது. இயர்போன், போன் இரண்டிலும் பழைய ஜோடியை அழித்துவிட்டுப் புதிதாக இணைத்துப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. புளூடூத்தில் உயர்தர ஒலியை அனுப்பும் எல்டிஏசி முறையை விநாடிக்கு 990 கிலோபிட்டிலிருந்து 660க்கு இறக்கினேன், விக்கல் பாதி குறைந்தது. வீட்டின் பின் அறைக்கு 5 எட்டாது என்பதால் அங்கே 2.4தான் கதி. இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

மூன்றாம் மாதம் சின்ன அப்டேட் ஒன்று வந்தது. பேஸ்பேண்ட் (போனின் ரேடியோ பகுதியை இயக்கும் மென்பொருள்) பதிப்பு எண் மாறியிருந்தது, புளூடூத் விக்கல் அன்றே நின்றது. அதன் குறிப்பில் எழுதியிருந்தது ‘நிலைத்தன்மை மேம்பாடுகள்’ என்ற இரண்டு சொல் மட்டும். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதைத் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால், எத்தனையோ பேர் தங்கள் இயர்போன் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாமல் இருந்திருப்பார்கள். பல போன்களில் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழி கிடையாது. திரும்ப முடியாத இடத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் என்ன மாற்றினோம் என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இப்போது எட்டாம் மாதம். வைஃபை நிலையாக இருக்கிறது. 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டேன், போன் எதில் நிற்கிறது என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஒரு குறை மட்டும் இன்னும் உண்டு: வைஃபை அழைப்பில் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டினால், மொபைல் சிக்னலுக்கு மாறும்போது இரண்டு மூன்று விநாடி குரல் போகிறது. முன்பு இப்படி இல்லை. அடுத்த பெரிய அப்டேட் நேற்று வந்து காத்திருக்கிறது. ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கங்களையும் இப்போதைய பேஸ்பேண்ட் எண்ணையும் படமெடுத்து வைத்தாயிற்று. இரண்டு வாரம் பொறுத்துத்தான் போடப் போகிறேன்.