இணைப்பைத் தொட்டால் மாணவர் காணாமல் போகிறார்: மூன்றாண்டு அனுபவம்

என்னோடு நூலக அறிவியல் படித்த தோழி இப்போது வேறொரு கல்லூரியில் நூலகராக இருக்கிறாள். "எங்கள் நூலகத் தளத்திலும் மாணவர்கள் நூலகரிடம் எழுதிக் கேட்க ஒரு சாட் பெட்டி வைக்கப்போகிறோம். நீ மூன்று வருடமாக வைத்திருக்கிறாயே, அதையே வாங்கலாமா?" என்று போன வாரம் கேட்டாள். விலையையும் வசதிகளையும் அவளே பார்த்துவிட்டாள். அங்கே எழுதியிராததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எரிச்சல். இரவு ஒன்பதரை மணிக்கு ஓர் ஆய்வு மாணவி கைபேசியில் வருகிறார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் தேடிய ஆய்வேடு கிடைக்கவில்லை என்கிறார். எடுத்து இணைப்பை அனுப்புகிறேன். அவர் தொட்டதும் எங்கள் நூலகப் பக்கம் இருந்த இடத்திலேயே ஷோத்கங்கா திறக்கிறது. உரையாடல் பெட்டியும் பக்கத்தோடு போய்விடுகிறது. "நீங்கள் கேட்ட இயல் ஆறாவது கோப்பில் இருக்கிறது" என்று நான் எழுதுவது யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. அவர் திரும்பி வந்தாலும் பெட்டிக்கு அவரைத் தெரிவதில்லை. பெயர், பதிவு எண், மின்னஞ்சல் என்று மறுபடியும் படிவத்தை நீட்டுகிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலக அறிவியல் முன்னோடி ரங்கநாதன் 1931இலேயே விதி வகுத்த துறை இது. எங்கள் பதிலே பெரும்பாலும் ஓர் இணைப்புதான். அதைக் கொடுத்தவுடன் ஆளைத் தொலைக்கிறது இந்தப் பெட்டி.

எல்லாப் பழியையும் இந்தப் பெட்டியை விற்கும் நிறுவனத்தின் மேல் போடமாட்டேன். ஷோத்கங்காவுக்குள்ளோ பதிப்பகத் தளங்களுக்குள்ளோ எங்கள் பெட்டியை வைக்க எந்தக் கருவியாலும் முடியாது. எங்கள் ஓபேக் (இணைய நூற்பட்டியல்) வேறு முகவரியில் இருப்பதும் எங்கள் ஏற்பாடுதான். ஆனால் இணைப்பைப் புதிய தாவலில் திறக்கச் செய்வது நிரலில் ஒரு சொல் சேர்க்கும் வேலை. நான்கு முறை எழுதிக் கேட்டேன். நான்கு முறையும் "உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றே பதில். இடையில், யாரும் கேட்காமலேயே தானியங்கிப் பதில் வசதி வந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்று ஒருவர் கேட்டதற்கு அது 20 என்றது. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 வரைதான் நடவடிக்கை இல்லை. அன்றே அதை அணைத்துவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு இதை ஏன் விடாமல் வைத்திருக்கிறேன்? மாணவர் தட்டச்சு செய்யும்போதே, அனுப்பும் முன்பே, எழுத்துகள் என் திரையில் தெரியும். ஒரு நாள் முதலாண்டு மாணவி ஒருவர் தமிழில் எழுதிக்கொண்டே வந்தார்: "மேடம், மேற்கோள் பட்டியல் எப்படிப் போடுவது என்றே தெரியவில்லை, வகுப்பில் கேட்டால் சிரிப்பார்கள்." பிறகு அதைக் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். சற்று நேரம் பெட்டி வெறுமையாக இருந்தது. அப்புறம் ஆங்கிலத்தில் ஒரே வரி வந்தது. நாளை நூலகம் திறந்திருக்குமா என்று கேட்டிருந்தார்.

வாசகரின் தேவை நான்கு நிலைகளைக் கடந்து, நூலகரிடம் வரும்போது சமரசம் செய்துகொண்ட கேள்வியாகத்தான் வருகிறது என்று நூலக அறிவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968இல் எழுதினார். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். கண்ணெதிரே நடந்து பார்த்தது அன்றுதான். "திறந்திருக்கும். மேற்கோள் பட்டியல் போடவும் சொல்லித்தருகிறோம், பத்து மணிக்கு வாருங்கள்" என்று பதில் அனுப்பினேன். வந்தார். "நான் அதைக் கேட்கவே இல்லையே, எப்படி மேடம் தெரிந்தது?" என்றார். உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. அன்று மாலையே பெட்டியின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்: நீங்கள் தட்டச்சு செய்வது எங்களுக்கு உடனே தெரியும். அதன்பின் மாணவர்கள் எழுதி அழிப்பது குறைந்தது. மனம் திறந்து எழுதுவதும் குறைந்தது. நட்டம்தான். ஆனாலும் அந்த வரியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இலவசமாகக் கிடைப்பதை வைத்தால் என்ன என்றும் தோழி கேட்டாள். அமெரிக்கக் கல்லூரி நூலகங்கள் பலவும் மீபோ என்ற இலவச சாட் சேவையை அப்படித்தான் வைத்திருந்தன. 2012இல் கூகுள் அதை வாங்கிய சில வாரங்களிலேயே மூடிவிட்டார்கள். எதை வைத்தாலும் உரையாடல் பதிவுகளை மாதந்தோறும் தனியே எடுத்து வைத்துக்கொள் என்றேன்.

நேற்று வரை, குறையோடு சேர்த்து வாங்கிக்கொள் என்று சொல்வதாகத்தான் இருந்தேன். நேற்று இரவு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு நாளே இருந்த ஒருவர் வந்தார். ஒரு கட்டுரைக்கான இணைப்பை அனுப்பினேன். "அழுத்திப் பிடித்துப் புதிய தாவலில் திறங்கள்" என்று அடுத்த வரியை எழுதி முடிப்பதற்குள் தொட்டுவிட்டார். மீதியைப் படிவத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். முகவரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்க வேண்டும், திரும்பி வந்துவிட்டது. பதினொன்றரை வரை பெட்டியைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. காலையில் முதல் வேலையாகத் தோழிக்கு எழுதினேன்: வாங்காதே.