நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இக்னோ எம்.ஏ. சரிப்படுமா?

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) சேர வயது வரம்பு கிடையாது. அங்கே உருப்படியான விஷயம் பாடநூல்கள்தான். பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் படிப்பவருக்கென்றே எழுதியவை. இக்னோவின் இணைய நூலகமான இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. அதனால் பணம் கட்டுமுன், எடுக்க நினைக்கும் பாடத்தின் முதல் பிளாக்கை (பாடநூலின் ஒரு பகுதி) இறக்கிப் படித்துப் பாருங்கள். பத்துப் பக்கத்தில் கண் சொருகினால் வேறு பாடம் பார்க்கலாம், காசு நஷ்டமில்லை. அச்சுப் புத்தகம் வேண்டாமென்று விண்ணப்பத்தில் குறித்தால் கட்டணத்தில் 15 சதவீதம் குறையும். வெள்ளெழுத்து வந்தவர்கள் இந்தத் தள்ளுபடியில் மயங்க வேண்டாம்; பிறகு பிரிண்ட் கடையில் அழ வேண்டியிருக்கும்.

சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும். டெப் ஐடி (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் எடுக்கும் மாணவர் எண்) கட்டாயம். பலரும் தடுக்கி விழுவது அதில்தான்: பழைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் கணவர் பெயரோடு வேறு மாதிரி. ஆதாரைத் திருத்திவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு 32 கிரெடிட் என்றால் 960 மணி, அதாவது வாரம் பதினெட்டு மணிக்கும் மேல். வேலையும் வீடும் உள்ளவருக்கு இது நடக்காது. ஆனால் எம்.ஏ.வை முடிக்க நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு. எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் எழுதத் தேவையில்லை. ஜூனில் இரண்டு, டிசம்பரில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக மறுபதிவைத் தள்ளிப்போடக் கூடாது. முதலாண்டில் ஒரு தாள்கூட எழுதாவிட்டாலும் இரண்டாமாண்டுக் கட்டணத்தைக் கடைசித் தேதிக்குள் கட்டியாக வேண்டும். விட்டால் அடுத்த சுற்று வரை ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டியதுதான். யாராவது போன் செய்து நினைவூட்டுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. எம்.ஏ.வில் இரண்டிலும் தனித்தனியே 40 எடுக்க வேண்டும். நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுத நினைக்கும் பொதுப்பிரிவினருக்கு மொத்தத்தில் 55 தேவை. அசைன்மென்டில் 80 வாங்கினால் தேர்வில் சராசரியாக 45 போதும். அதுவே 60 என்றால் 53 வேண்டும். வீட்டிலிருந்து எழுதுவதில் கோட்டைவிடுவது அசட்டுத்தனம். அசைன்மென்ட் வினாத்தாளை இறக்கும்போது அது எந்தச் சுற்றுக்கு உரியது என்று பாருங்கள். பழையதற்கு எழுதிக் கொடுத்தால் மொத்த உழைப்பும் வீண். நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட ரசீது வாங்கி, மதிப்பெண் ஏறும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

அசைன்மென்டைக் கையால் எழுதச் சொல்வதில் இன்னொரு லாபம் உண்டு. இருபது வருடம் கையெழுத்து மட்டும் போட்ட விரல் மூன்று மணி நேரத் தேர்வில் மரத்துப்போகும். ஐந்து கட்டுரைக் கேள்வி என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம்தான். கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள்.

பெரிய குறை மொழி. பெரும்பாலான பாடங்களில் புத்தகமும் தேர்வும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். வரலாற்றையோ அரசியலையோ தமிழிலேயே படித்து எழுத விரும்புகிறவர், சென்னை சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலை முதலில் பார்த்துவிடுவது நல்லது.