40 அடி பாக்ஸ் கார்: கிட் வாங்கலாமா, தயார் வண்டியா?

1950களின் அமெரிக்கச் சரக்கு ரயிலை எச்ஓ அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு, 1:87) மாதிரி ரயிலாக அமைப்பவர்கள், பாக்ஸ் கார் என்னும் மூடிய சரக்குப் பெட்டியை வாங்கும்போதுதான் அதிகம் குழம்புவார்கள். அக்யூரெயில் நிறுவனத்தின் கிட்டா (நாமே பொருத்த வேண்டிய பாகத் தொகுப்பு), கேடீ நிறுவனம் பொருத்தியே விற்கும் பிஎஸ்-1 தயார் வண்டியா?

செலவு
கிட்: மலிவு. உலோகச் சக்கரமும் உலோகக் கப்ளரும் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) மாற்றினால் அந்த லாபம் கொஞ்சம் கரையும்.
தயார்: விலை கூடுதல். பெட்டியைப் பிரித்ததும் ஓட்டலாம்.

அசலோடு ஒப்புமை
கிட்: ஏஏஆர் (அமெரிக்க ரயில்வேக்களின் சங்கம்) பொது வடிவமைப்பைத் தழுவியது. ஏணி, கைப்பிடி எல்லாம் உடலோடு வார்த்தவை.
தயார்: புல்மன்-ஸ்டாண்டர்ட் என்ற வண்டி தயாரிப்பு நிறுவனம் 1947-இல் தொடங்கிய பிஎஸ்-1 வகையே. கூரைத் தகட்டின் போ-டை (கழுத்துப் பட்டை முடிச்சு) வடிவப் புடைப்புவரை இருக்கும். கைப்பிடிகள் தனித்தனியே பொருத்தியவை. தூக்கும்போது பக்கவாட்டில் அழுத்தாதீர்கள்.
பல ரயில்வேக்களிடம் இரு வகையும் இருந்தன. எந்த எண் எந்த வகைக்குரியது என்று வண்டி எண் வரிசையைப் பார்த்தே வாங்குங்கள்.

ஓட்டம்
எதுவானாலும் எடை போட்டுப் பாருங்கள். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர் சங்கம்) பரிந்துரை: 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 6 அங்குல வண்டிக்கு 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம்.
கிட்டில் பலர் சறுக்குவது, போகியை (வண்டிக்கு அடியில் உள்ள சக்கரத் தொகுதி) உடலோடு பிணைக்கும் திருகில். இரண்டையும் இறுக்கினால் வண்டி விறைத்து, பாதை பிரியும் இடத்தில் தடம் புரளும். ஒன்றைப் பக்கவாட்டு ஆட்டம் போகும்வரை இறுக்கி, மற்றதைத் தளர்வாக விடுங்கள். கப்ளர் தாழ்ந்திருந்தால் போகிக்கு மேல் மெல்லிய வாஷர் ஒன்று போதும்.

நீண்ட ரயிலை நிரப்பக் கிட். கண்ணருகே நிற்கும் சைடிங்கிலும் (பக்கத் தடம்) புகைப்படத்திலும் பிஎஸ்-1.