மெஷ்ஷா, கேபிளா? செங்கோட்டைக் காற்றுக்குத் தாங்குவது எது

செங்கோட்டையில் எங்கள் தெரு வீடுகள் ரயில்பெட்டி மாதிரி. அகலம் பன்னிரண்டு அடி இருந்தால் பெரிசு, நீளம் போய்க்கொண்டே இருக்கும். திண்ணை, தார்சா, பட்டாசல், அடுப்படி, கொல்லை என்று வரிசையாக வரும். நடுவில் நிற்கும் சுவர்கள் பழைய சுண்ணாம்புச் சுவர்கள், ஒன்றரை அடி கனம். ஃபைபர் நெட் லைன் தெருக் கம்பத்திலிருந்து தார்சாவுக்கு வருகிறது. நான் வேலை பார்ப்பதோ பின்கட்டு மச்சில். மோடத்தோடு வந்த வைஃபை பட்டாசலைத் தாண்டும்போதே மூச்சு வாங்கும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவர்களில் இரண்டைக் கடப்பதற்குள் தீர்ந்துபோகும். 2.4 வந்து சேரும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் அதே அலைவரிசையில்தான் கிடக்கின்றன.

எனக்குத் தொழில் மர அறுவை மில்களுக்கும் ஹார்டுவேர் கடைகளுக்கும் ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பது. புளியரை தாண்டிக் கொல்லம் பக்கம் போகிற சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும். டிரைவர் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே போன் அடிப்பார். ஆகையால் நெட் எவ்வளவு வேகம் என்பதைவிட, எப்போதும் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்த மாதிரி வீட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, இரண்டு மூன்று பெட்டிகளாக வந்து, ஒன்றுக்கொன்று காற்றிலேயே நெட்டைக் கைமாற்றும் மெஷ் வைஃபை. இன்னொன்று, தார்சாவிலிருந்து மச்சு வரை ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக்கும் பெட்டி, மாட்டுவது. நான் கேபிள் இழுத்தவன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் 100 எம்பிபிஎஸ் பிளானுக்குள்தான் இருக்கிறோம். அதற்கு இரண்டுமே போதும். இனிமேல் புதிதாக வாங்குபவர்கள் வைஃபை 6-க்குக் கீழே எடுக்க வேண்டாம், விலை வித்தியாசம் இப்போது பெரிதாக இல்லை. வைஃபை 7 பெட்டி ஒன்றை நண்பர் கடையில் கொஞ்ச நேரம் பார்த்ததோடு சரி. என் லேப்டாப்பில் அதற்கேற்ற சிப்பே கிடையாது, ஆகவே அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

மெஷ்ஷின் அருமையை மறைக்கக் கூடாது. புனலூரில் அக்கா வீடு வாடகை வீடு, சுவரில் ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அங்கே அத்தான் டெக்கோ என்ற மெஷ் பெட்டி ஜோடி ஒன்றை வாங்கி, போன் ஆப்பைத் திறந்து, காபி ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டார். ஹாலில் ஆரம்பித்த வீடியோ கால் அடுப்படி வரை அறுபடாமல் வருகிறது. பிள்ளைகளுக்கு ராத்திரி நெட்டை நிறுத்துவதும் அதே ஆப்பில்தான். நான் கேபிள் இழுக்கப்போகிறேன் என்றதும், “மாப்ளே, இந்தக் காலத்துல எவன்டா வயர் இழுக்கான்?” என்று சிரித்தார். “உங்க ஊர்ல சுவரு செங்கல்லு அத்தான், எங்க வீட்ல கோட்டச் சுவரு” என்றேன்.

சுவரின் கதை வெறும் பேச்சில்லை. குறைந்த விலை மெஷ் பெட்டிகள் டூயல் பேண்ட் வகை. உங்கள் போனோடு பேசுகிற அதே ரேடியோவில்தான் முதல் பெட்டியோடும் பேச வேண்டும். வாங்கவும் கொடுக்கவும் ஒரே வாய் என்பதால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி ரேடியோ வைத்த ட்ரை பேண்ட் வகை இந்தக் குறையைத் தீர்க்கும், ஆனால் விலை ஏறிவிடும். அதுவும் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே சிக்னல் ஒழுங்காகப் போனால்தான். எங்கள் வீட்டில் முதல் பெட்டி தார்சாவில் என்றால் இரண்டாவது பட்டாசலில், மூன்றாவது மச்சுப் படிக்கட்டில் என்று நட்டுக்கொண்டே போகணும். மெஷ் பெட்டிகளைக் கேபிளாலும் இணைக்கலாம், உண்மைதான். கேபிள் இழுத்த பிறகு மெஷ் எதற்கு என்ற கேள்வி அப்போது வரும்.

இதெல்லாம் பெரிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. என் முடிவைத் தீர்மானித்தது கரண்டு.

சாரல் சீசன் என்றால் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அருவி, செங்கோட்டைக்காரனுக்கு மரக்கிளை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று எங்காவது ஒரு கிளையை லைன் மேல் போட்டுவிடும். ஊழியர்கள் பாவம், மழையில் நின்று சரிசெய்கிறார்கள். ஆனால் அதுவரை இன்வெர்ட்டர்தான் கதி. இங்கேதான் மெஷ் சறுக்குகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிளக் வேண்டும், அந்தப் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் என்பது லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும் இழுத்தது. பட்டாசல் மூலையில் இருக்கும் பிளக் பாயின்ட் மெயினில்தான் கிடக்கும். கரண்டு போனதும் நடுப்பெட்டி செத்தது, அதை நம்பியிருந்த மச்சுப் பெட்டியும் செத்தது. தார்சாவில் மோடம் மட்டும் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும், யாருக்குப் பிரயோஜனம்?

கேபிள் முறையில் கரண்டையும் அதே லேன் கேபிளிலேயே அனுப்பிவிடலாம். கடையில் பிஓஇ என்று கேட்டால் தெரியும். தார்சாவில் மோடத்துக்குப் பக்கத்தில் இன்ஜெக்டர் என்ற சின்னப் பெட்டி. அது ஏறக்குறைய 48 வோல்ட்டை கேபிளில் ஏற்றி அனுப்பும், நூறு மீட்டர் வரை தாராளமாகப் போகும். மச்சில் ஆக்சஸ் பாயின்டுக்கு அடாப்டரும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம். ஆக வீடு முழுக்க நெட் உயிரோடு இருக்க, இன்வெர்ட்டரில் ஒரே ஒரு பாயின்ட் போதும். வயர்மேன் அதை ஒரு மதியத்தில் போட்டுக்கொடுத்தார். மோடமும் ஆக்சஸ் பாயின்டும் சேர்ந்து ஒரு எல்இடி டியூப்லைட் அளவுக்குத்தான் இழுக்கும், வழக்கமான 150 ஏஎச் பேட்டரிக்கு அது ஒரு சுமையே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் பல மாடல்களில் உண்டு. அதைப் போடாவிட்டால் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறுகிற அந்தக் கண்ணிமைப்பில் மோடம் அணைந்து, திரும்ப எழுந்து வர இரண்டு மூன்று நிமிஷம் ஆக்கிவிடும். இன்னொன்று, ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸை நம்பிப் போகிறவர்கள், அதில் பிஓஇ துளை இருந்தால் எத்தனை வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள். 24 வோல்ட் பேசிவ் வகை வேறு, 802.3ஏஎஃப் என்ற 48 வோல்ட் வகை வேறு. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது.

நம் வீட்டில் கரண்டு இருந்து என்ன, தெருவில் இல்லையே என்று கேட்கலாம். ஃபைபர் லைனில் கம்பங்களில் தொங்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. அது ஒளியைப் பிரித்துவிடும் கண்ணாடி வேலை மட்டும். பழைய கேபிள் டிவி நெட்டில் தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிஃபையர் இருந்தது, தெருக் கரண்டு போனால் அதுவும் போகும். இப்போது எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் நம் வீட்டில் பேட்டரியும் இருந்தால் நடுவில் ஊரே இருட்டாக இருந்தாலும் நெட் ஓடும். அந்த வசதியை வீட்டுக்குள் ஒரு நடுப்பெட்டியால் இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது இடி. சாரலில் இடி அவ்வளவாக இல்லை. சித்திரைக் கோடை மழையும் ஐப்பசி மழையும்தான் பயம். ஃபைபர் கண்ணாடி என்பதால் அதன் வழியே மின்னல் வராது. ஆனால் ஃபைபரைத் தாங்கிப் பிடிக்க உறைக்குள் ஒரு எஃகுக் கம்பி ஓடுகிற வகை உண்டு. அதை மோடம் வரை கொண்டுவராமல் வெளிச்சுவரிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள், ஃபைபர்காரத் தம்பிகள் கேட்டால் செய்துகொடுப்பார்கள். இடி முழங்கினால் எனக்குப் பிடுங்க வேண்டியது ஒரே இடம். மெஷ் வைத்தவர்கள் அறை அறையாக ஓடணும்.

ஆனால் கேபிளுக்கும் இங்கே ஒரு பலவீனம் உண்டு, சொல்லத்தான் வேண்டும். ஒரே கூரைக்குள் தாமிரக் கேபிள் ஓடினால் சரி. கொல்லை தாண்டித் தனியாக நிற்கும் தொழுவத்துக்கோ தோப்பு வீட்டுக்கோ திறந்த வெளியில் தாமிரத்தை இழுத்தால், பக்கத்தில் எங்கே இடி விழுந்தாலும் இரண்டு பக்கப் பெட்டிகளும் வறுபட வாய்ப்பு உண்டு. அங்கே ஃபைபர் துண்டு ஒன்றைப் போட்டு இரு முனையிலும் ஒளியை லேன் கேபிளுக்கு மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைக்கலாம். இல்லையென்றால் மெஷ்ஷே மேல்.

பழுது வந்தால் என்ன ஆகும்? ஆக்சஸ் பாயின்ட் போய்விட்டால் தென்காசியில் எந்தக் கடையில் எந்தக் கம்பெனி இருக்கிறதோ அதை வாங்கி, பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டால் வீட்டில் யாருக்கும் மாறியதே தெரியாது. மெஷ் பெட்டி போனால் அதே குடும்பத்துப் பெட்டிதான் வேண்டும். டெக்கோ மாதிரியான வரிசைகளில் வெவ்வேறு மாடல்கள் ஒன்றோடொன்று சேரும் என்பது பெரிய ஆறுதல். இருந்தாலும் கம்பெனி மாற முடியாது. கம்பெனி எதுவானாலும் சேரட்டும் என்று ஈஸிமெஷ் என்ற பொது முறை 2018-லேயே வந்தது, ஆனால் கடையில் நாம் கேட்கும் இரண்டு பெட்டியும் அதில் சேருமா என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேபிளின் தொல்லைகளும் சொற்பமில்லை. ஒன்றரை அடிச் சுவரில் துளை போட நீள பிட் வேண்டும், தூசி வீட்டை நிறைக்கும், அம்மா இரண்டு நாள் பேச மாட்டாள். தட்டட்டி வழியாகப் போகும் கேபிளைப் பைப்புக்குள் விடாவிட்டால் குரங்கு உருவிவிடும். குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படி ஏறும்போது போன் மோடம் வைஃபையிலிருந்து மச்சு வைஃபைக்கு மாறுவதால் வாட்ஸ்அப் கால் ஒரு நொடி திக்கும். பெட்டிகளை ஒன்றாக நிர்வகிக்கும் கன்ட்ரோலர் வைத்தால் அதையும் சரிசெய்யலாம், எனக்கு அந்த ஒரு நொடிக்குச் செலவழிக்க மனசில்லை.

கேபிள் வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கேட் 6 என்று அச்சடித்து, உள்ளே அலுமினியத்துக்குத் தாமிர முலாம் பூசிய சரக்கு விற்கிறது. கரண்டும் ஏற்றி அனுப்பப் போகிறோம் என்பதால் அது ஆகவே ஆகாது, வோல்ட்டும் குறையும், சூடும் ஆகும். முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாய்த் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டு வயரிங் வழியாகவே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டரையும் சிலர் சொல்கிறார்கள். கடன் வாங்கிக் கொஞ்ச நாள் மட்டும் போட்டுப் பார்த்தேன். மெயின் லைனில் ஒன்றும் இன்வெர்ட்டர் லைனில் ஒன்றும் இருந்தபோது சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. புது வயரிங் வீட்டில் நன்றாக ஓடலாம்.

செலவு என்று பார்த்தால் நல்ல ஆக்சஸ் பாயின்ட், கேபிள், பைப், வயர்மேன் கூலி எல்லாம் சேர்ந்து ஒரு சுமாரான வைஃபை 6 மெஷ் ஜோடியின் விலையை ஒட்டித்தான் வந்தது. வித்தால் மெஷ்ஷுக்குத்தான் காசு வரும், சுவருக்குள் போன கேபிளை யார் வாங்குவார்? வாடகை வீட்டுக்காரர்கள் அத்தான் வழியிலேயே போங்கள்.

அந்த அத்தானே இப்போது சொந்த வீடு கட்டுகிறார். போன வாரம் போனில், “ஏ மாப்ளே, பூச்சு வேலை ஆரம்பிக்கப் போறான், என்ன செய்யச் சொல்ல?” என்றார். ஹாலிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் 25 மில்லிமீட்டர் பைப் ஒன்று, கரண்டு வயர் போகும் பைப்பிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, உள்ளே இழுகயிறு போட்டு, முனைகளை எலி புகாமல் அடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.